உறைபனிக் காலத்தில் வாணம்: ஹைவெல்டில் வீடு கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் கடற்கரைப் பக்கம் வேலை பழகியவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கட்டட வேலைக்கு வசதியான மாதங்கள். மழை குறைவு, வாணத்தில் (அஸ்திவாரத்துக்கு வெட்டும் பள்ளத்தில்) தண்ணீர் நிற்காது, ஆட்களும் வாடாமல் வேலை செய்வார்கள். அதே பழக்கத்தோடு வான் ரீனன்ஸ் கணவாய் ஏறி ஹாரிஸ்மித், பெத்லெஹெம், எர்மெலோ, ஜோகன்னஸ்பர்க் என்று ஹைவெல்ட் எனப்படும் உள்நாட்டு மேட்டு நிலத்துக்கு வந்து வாணம் பறிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்து இறங்கும் மேஸ்திரிகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இங்கே குளிர்காலத்து மண் இரண்டு காரணத்தால் கெட்டியாகத் தெரியும். ஒன்று, இரவில் ஈரம் உறைந்தது. இன்னொன்று, மாதக்கணக்கில் மழையில்லாமல் காய்ந்தது. இரண்டையும் நம்பக் கூடாது. உறைந்த மண் பத்து மணி வெயிலில் சேறாகும். காய்ந்த களிமண் அக்டோபர் மழையில் உப்பும். கீழே சொல்லும் வேலை வரிசை முழுவதும் இந்த இரண்டிலும் ஏமாறாமல் இருப்பதற்காகத்தான். வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

1. எந்தக் குளிர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் குளிர்கால அஸ்திவார வழிகாட்டிகள் பெரும்பாலும் கனடாவுக்கும் அமெரிக்காவின் வடபகுதிக்கும் எழுதியவை. அங்கே மண் ஒரு மீட்டருக்கும் கீழே வரை உறையும். அதனால் உறைமட்டத்துக்குக் கீழே போய் அஸ்திவாரம் வைக்கிறார்கள். ஹைவெல்டில் அப்படி இல்லை. மேல் சில சென்டிமீட்டர்தான் உறைகிறது. பகலில் வெயில் 16, 18 டிகிரிக்குப் போய் அதையும் உருக்கிவிடுகிறது. ஆகவே இங்கே வாணத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது பனி அல்ல, மண்ணின் வகை. அந்த வழிகாட்டிகளைப் பார்த்து வீணாக ஆழம் வெட்ட வேண்டாம்.

ஆனால் தினமும் உறைந்து தினமும் உருகுவது மண்ணுக்கு வேறு விதமான தொல்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அதோடு நிற்காமல், நொய்மண்ணும் வண்டலும் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுத்துப் பனியாக அடுக்குகின்றன. ஈரமான மனையில் ஜூலை மாதம் காலை ஏழு மணிக்குக் குனிந்து பாருங்கள். தீக்குச்சி நீளத்துக்குப் பனி ஊசிகள் நெருக்கமாக நின்று, ஒவ்வொன்றும் தலையில் ஒரு மண் பொடியைத் தூக்கிக்கொண்டிருக்கும். காலால் அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வரும். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் பூட்ஸ் புதையும். அந்த மண்மேல் கான்கிரீட் உட்காரக் கூடாது.

வானிலை அறிக்கையில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, நிழலில் அளந்த காற்றின் அளவு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரைமட்டம் அதைவிடப் பல டிகிரி குளிரும். அறிக்கை 3 டிகிரி என்றால் உங்கள் வாணத்தில் உறைபனி இருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தைத் தேடி இறங்கும். ஓடைக்கரை மனை என்றால் மேட்டு மனையைவிட மோசம். குறைந்த அளவையும் கூடிய அளவையும் குறித்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தரையிலேயே வைத்து, வேலை தொடங்கும் முன் ஒரு வாரமாவது பாருங்கள்.

தென்மேற்கே கேப் பக்கமிருந்து குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து, வானம் தெளிந்த பிறகு வரும் இரண்டு மூன்று இரவுகள்தான் கடுமையானவை. மேகமூட்டமான இரவைப் பார்த்துப் பயந்து, தெளிந்த இரவில் போர்வையை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. சரியாகத் தலைகீழ்.

2. தோண்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

காகிதங்கள் முதலில். அங்கீகரித்த வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, வீடு கட்டுவோர் பதிவு மன்றமான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவு. அந்தப் பதிவைக் கட்டுமானம் தொடங்க 15 நாளுக்கு முன்பே செய்ய வேண்டும் என்பது சட்டம். இதைக் குளிர்கால வழிகாட்டியில் சொல்லக் காரணம் உண்டு. காகிதம் முடியாமல் வாணம் பறித்தால், அது வாரக்கணக்கில் திறந்து கிடக்கும். ஒவ்வோர் இரவும் அதன் அடிமண் ஒருமுறை கெடும்.

மண் அறிக்கையில் உங்கள் மனைக்கு ஒரு வகுப்பு எழுத்து இருக்கும். ஆர் என்றால் பாறை போன்ற நிலையான தரை. எச் வரிசை உப்பிச் சுருங்கும் களி. சி வரிசை, நனைந்தால் திடீரென்று அமரும் மணல். எஸ் வரிசை, பாரத்தில் மெதுவாக அமுங்கும் மண். பி என்றால் தனிப் பொறியாளரின் வடிவமைப்பு கட்டாயம். லெனேசியா, லாடியம், சென்சூரியன் பக்கங்களில் கீழே டோலமைட் பாறை இருக்கிறது. அங்கே தேங்கும் தண்ணீர், நிலம் திடீரென்று உள்வாங்கும் குழியை உண்டாக்கும். இது பின்னால் முக்கியமாக வரும்.

பொருட்களில் எல்லோரும் மறப்பது போர்வைச் சாமான். வாணத்தின் மொத்த நீளத்துக்கும் போதுமான பிளாஸ்டிக் விரிப்பு, காய்ந்த புல் அல்லது வைக்கோல் கட்டுகள், தார்ப்பாய், ஓரத்தில் வைக்க மணல் மூட்டை அல்லது செங்கல். இவை மனைக்கு வந்து சேரும் முன் கடப்பாரையை எடுக்காதீர்கள். புல்கட்டு அருகிலுள்ள பண்ணையில் மலிவாகக் கிடைக்கும். முதல் பனி இரவில் பாக்கி (சிறிய பிக்கப் லாரி) வண்டியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய் தேடி ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

தண்ணீரை முந்தின நாள் மதியமே டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். காலையில் ஹோஸ் குழாய் உறைந்து விறைத்துக் கிடக்கும்.

3. மனையைச் செதுக்கி நூல் பிடித்தல்

புல்லையும் வேர் கலந்த மேல்மண்ணையும் எடுத்துவிட வேண்டும். ஆனால் மொத்த மனையையும் ஒரே நாளில் டி.எல்.பி. (மண் தோண்டி அள்ளும் டிராக்டர் இயந்திரம்) விட்டுச் சுரண்டாதீர்கள். காய்ந்த புல் தரைக்கு இயற்கையான போர்வை. அதை எடுத்த இடத்தில் உறைபனி ஆழமாக இறங்கும். எந்தப் பகுதியில் வாணம் பறிக்கப் போகிறீர்களோ அந்தப் பகுதியை மட்டும், வெட்டும் நாளுக்கு முந்தின நாள் செதுக்கினால் போதும்.

மூலைமட்டம் சரிபார்க்க 3, 4, 5 மீட்டர் கணக்கே நம்பகமானது. பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். இது வழக்கமான வேலை, விரிக்கவில்லை.

குளிர்காலத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது முளைகளை. அரை அடி மட்டும் அடித்த மரமுளையைப் பனி தூக்கிவிடும். மாலையில் பிடித்த மட்டம் காலையில் பொய்யாகும். முளைகளை ஆழமாக அடியுங்கள், நூல் கட்டும் பலகைச் சட்டங்களை வாணத்தின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், மட்டக்குறியை முளையில் போடாமல் பக்கத்துச் சுவரிலோ அசையாத கம்பத்திலோ போடுங்கள். தினமும் காலையில் அந்தக் குறியிலிருந்து டியூப் லெவல் (தண்ணீர்க் குழாய் மட்டம்) பிடித்துப் பார்த்த பிறகே வேலை.

4. வாணம் பறித்தல்: கடைசி 150 மில்லிமீட்டரைத் தொடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். வரைபடத்து ஆழத்துக்கு 150 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மீதி மண் அடித்தளத்துக்குப் போர்வையாக இருக்கும். இரவில் உறைந்தாலும் உறைவது அதுதான். கான்கிரீட்டுக்கு நெருக்கமான நாளில் அதைச் செதுக்கி எடுத்தால், கீழே கை படாத, உறையாத மண் கிடைக்கும்.

புதியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். டி.எல்.பி. வாடகை நாள் கணக்கு என்பதால் முழு ஆழத்தையும் ஒரே நாளில் வெட்டி, அடியைச் சீவி அழகாக்கிவிட்டு, இன்ஸ்பெக்டருக்காக ஒரு வாரம் காத்திருப்பார்கள். இயந்திர வேலை முதல் நாளே முடியட்டும்; அதில் தவறில்லை. கடைசி அடுக்கை மண்வெட்டியால் எடுப்பதற்கு இரண்டு ஆள் கூலி ஆகும். கெட்டுப்போன அடிமண்ணைத் தோண்டி அந்த ஆழத்தைக் கான்கிரீட்டால் நிரப்பும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

வாணம் முழுவதையும் ஒரேயடியாகத் திறக்காமல், ஒரு நாளில் கான்கிரீட் போட முடிந்த நீளத்துக்கு மட்டும் முடிப்பது இன்னும் நல்லது. ஆனால் எங்கே இணைப்பு வரலாம் என்பதைப் பொறியாளரிடம் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பக்கச் சுவர்களிலும் கண் இருக்கட்டும். காலையில் உறைந்து நிற்கும் மண்சுவர் சிமெண்ட் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். அதை நம்பி ஆளை உள்ளே இறக்கினால், வெயில் ஏறியதும் விளிம்பு சரியும். இடுப்பளவுக்கு மேல் ஆழமான இடத்தில் பக்கத்தைச் சாய்த்து வெட்டுங்கள், அல்லது பலகை கொடுத்துத் தாங்குங்கள். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள்.

களிமண் மனையில் இன்னொரு கவலை. திறந்து கிடக்கும் வாணத்தில் களி காய்ந்து வெடிக்கும். வெடிப்பு தெரிந்ததும் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விடுவது பலருடைய வழக்கம். பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் அதைச் செய்யாதீர்கள். டோலமைட் நிலத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. மூடி வைத்தால் வெடிப்பே வராது. பனிக்குப் போடும் அதே போர்வை மண் காய்வதற்கும் மருந்து.

5. இரவுப் போர்வை

மாலை நான்கு மணிக்கு மூடிவிட வேண்டும், ஆறு மணிக்கு அல்ல. பகலில் மண் வாங்கிய சூடும் அடியிலிருந்து வரும் சூடும் வெளியேறும் முன் அதைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம். போர்வை எதையும் சூடாக்காது. இருக்கும் சூட்டைக் காக்கும்.

முதலில் மண்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் புல்லை ஒரு சாண் கனத்துக்குத் தளர்வாகப் பரப்புங்கள். மேலே தார்ப்பாய். ஓரங்கள் வாணத்தின் இரு பக்கமும் அரை மீட்டராவது தாண்டிக் கிடக்க வேண்டும், காற்று நுழையாதபடி மூட்டை வைக்க வேண்டும். மூலைகளிலும் சுவர்கள் சந்திக்கும் இடங்களிலும் இடைவெளி விடுவது வழக்கமான பிழை. பனி அங்கேதான் முதலில் பிடிக்கும்.

வெறும் பிளாஸ்டிக் மட்டும் போட்டால் பலனில்லை. அதன் அடியில் ஈரம் கோத்து, அதுவே உறைந்து நிற்கும். நனைந்த புல்லும் உதவாது; புல்லுக்குள் இருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

காவலாளிகள் குளிர்காய இம்பாவுலா (ஓட்டை போட்ட டின்னில் கணப்பு) மூட்டுவார்கள். புல் போர்த்திய வாணத்திலிருந்து அதை நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதங்களில் வெளியெல்லாம் காய்ந்த புல். ஒரு பொறி போதும். தார்ப்பாய்க்கு உள்ளே நெருப்பு வைத்து மண்ணைச் சூடாக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கரிப்புகை ஆளைக் கொல்லும்.

6. தெற்குப் பக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள்

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு இது பழக்கத்துக்கே வராது. இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்தில் தாழ்வாகப் போகும். பக்கத்துச் சுவர், மண்மேடு, மரம் எதுவானாலும் அதன் தெற்கே நாள் முழுவதும் நிழல். வடக்கு வாணம் ஒன்பது மணிக்கே உருகிவிடும். தெற்கு வாணத்தில் மதியம்கூட வெள்ளைப் பனி கிடக்கும். கிழக்கு மேற்காக ஓடும் வாணத்தில் வடபுறச் சுவரின் நிழல் அடியில் விழுவதால், ஒரே வாணத்திலேயே பாதி உருகி, பாதி உறைந்து நிற்பதும் உண்டு.

ஆகவே வெட்டிய மண்ணை வாணத்தின் வடபுறத்தில் குவிக்காதீர்கள், தென்புறத்தில் குவியுங்கள். தெற்குப் பகுதிக்குப் புல் இரட்டிப்புக் கனம். காலைப் பரிசோதனையையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

7. காலையில் அடிமண்ணைச் சோதித்தல்

போர்வையை எடுத்ததும் மூன்று விஷயம். கண்ணால் பாருங்கள்: வெள்ளைப் படிவு, பனி ஊசி, பளபளக்கும் ஈரம் இருக்கிறதா? கடப்பாரையைத் தளர்வாகப் பிடித்துக் குத்துங்கள்: உறைந்த மண்ணில் கணீரென்று எழும்பும், நல்ல மண்ணில் மந்தமான சத்தத்தோடு கொஞ்சம் இறங்கும். கட்டை விரலால் அழுத்துங்கள்: உருகிய மண் பஞ்சுபோல அமுங்கி ஈரம் விடும்.

ஓரிடத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். இரண்டு மீட்டருக்கு ஓரிடம், நிழலில் இன்னும் நெருக்கமாக.

8. அடிமண் உறைந்துவிட்டால்

ஹைவெல்டில் உறைந்த அடுக்கு மெல்லியது. அதனால் சுரண்டி எடுத்துவிடுவதே மலிவான, உறுதியான வழி. உறைந்ததும் பஞ்சானதும் முழுக்கப் போய், கை படாத மண் தெரியும் வரை எடுங்கள். மட்டம் இறங்கிவிட்டது என்று தளர்ந்த மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள். அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டே நிரப்பட்டும். போட்ட மண் எவ்வளவு தட்டினாலும் பக்கத்திலுள்ள இயற்கை மண்ணைப்போல நடந்துகொள்ளாது. சுவர் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

வெந்நீர் ஊற்றி உருக்குவது அடுத்த பெரிய பிழை. அது மண்ணைச் சேறாக்கும், இரவில் முன்பைவிடக் கெட்டியாக உறையும். தொட்டுப் பார்க்கக் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று உறைந்த மண்மேலேயே கான்கிரீட் போடுவது எல்லாவற்றிலும் மோசம். மேலே கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும்போதே கீழே மண் உருகி அமரும்.

9. இன்ஸ்பெக்டர் வருகையும் கான்கிரீட் நாளும்

நகராட்சி இன்ஸ்பெக்டர் வாணத்தின் இறுதி மட்டத்தைப் பார்த்த பிறகே கான்கிரீட் போடலாம். அப்படியானால் 150 மில்லிமீட்டரை எப்போது எடுப்பது? அவர் வரும் காலையில் எடுங்கள். கான்கிரீட்டை அன்றே மதியத்துக்குள் முடிக்க ஏற்பாடு இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் அவர் போனவுடன் இரட்டைப் போர்வை போட்டு, மறுநாள் முதல் வேலையாகச் சோதித்துவிட்டுக் கான்கிரீட். நாள் பேசும்போதே வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குளிர்முகம் வரும் வாரத்தில் அவரை அழைக்காமல் இருப்பதே நல்லது.

தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் கான்கிரீட் தொடங்குவோம். இங்கே அந்தப் பழக்கத்தை விடுங்கள். காற்று 5 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒன்பதரை, பத்து மணிக்குத் தொடங்கி, இரண்டு மணிக்குள் முடியுங்கள். சூரியன் சாய்வதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிட வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் சிமெண்ட் இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

கம்பியில் பனி படிந்திருந்தால் அது உருகிக் காயும் வரை காத்திருங்கள். ரெடிமிக்ஸ் என்றால் வண்டி வரும்போது கலவை 10 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். மனையில் கலப்பதானால் வலிமை எண் 32.5 வகையை விட்டுவிட்டு 42.5 ஆர் வகைச் சிமெண்ட் வாங்குங்கள். அது சீக்கிரம் பலம் கொள்ளும். தண்ணீரைச் சூடாக்கலாம், ஆனால் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். முதலில் ஜல்லியோடும் மணலோடும் வெந்நீரைக் கலந்து, பிறகுதான் சிமெண்ட். வெந்நீர் நேராகச் சிமெண்டில் பட்டால் கலவை அங்கேயே கட்டிவிடும். மணல் குவியலையும் இரவில் மூடுங்கள்; உறைந்த மணற்கட்டி மிக்ஸரில் உடையாமல் அப்படியே வாணத்துக்குள் போகும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைக் கம்பி உள்ள இடத்தில் சேர்க்காதீர்கள். கம்பி துருப்பிடிக்கும். கலவை விறைப்பாக இருக்கிறது என்று கூடுதல் தண்ணீரும் விடாதீர்கள். உறைவதற்கு அங்கே மிஞ்சியிருப்பது அந்தத் தண்ணீர்தான்.

போட்டு முடித்த கையோடு மூடுங்கள். குறைந்தது மூன்று இரவு போர்வை இருக்கட்டும். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் ஐந்து. அழுத்தபலம் 3.5 மெகாபாஸ்கல் வருவதற்குள் ஒருமுறை உறைந்தாலே போதும், பிறகு எத்தனை நாள் விட்டாலும் முழு பலம் வராது. நம் ஊர்ப் பழக்கத்தில் மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பிளாஸ்டிக் விரிப்பே ஈரத்தைக் காக்கும். போர்வையை எடுக்கும்போது மேற்பரப்பில் கோழிக்கால் பதிந்தது போன்ற கோடுகள் தெரிந்தால் அது உறைந்திருக்கிறது. மேலே பூசி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

10. தரைக்கு மண் நிரப்புதல்

அடிச்சுவர் எழும்பிய பிறகு உள்ளே நிரப்பும் மண்ணில்தான் குளிர்காலப் பிழைகள் அதிகம் ஒளிந்திருக்கும். வெளியே குவித்த மண்ணில் கால்பந்து அளவுக்கு உறைந்த கட்டிகள் இருக்கும். உள்ளே போட்டுத் திமிசு அடித்தால் உடையாது. சுற்றிலும் பொந்து விட்டு நிற்கும். உருகும்போது தரை தொங்கும். குவியலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள், மேற்புறம் உறைந்த மண்ணை ஒதுக்கி உள்மண்ணை எடுங்கள். கறுப்புக் களியை எந்தக் காலத்திலும் தரைக்கு அடியில் போடாதீர்கள்.

150 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காகப் பரப்பி, லேசாக நனைத்து, பிளேட் காம்பாக்டர் ஓட்டுங்கள். நனைப்பது பதினொரு மணிக்கு மேல், இறுக்கி முடிப்பது மூன்று மணிக்குள். நனைத்துவிட்டு இறுக்காமல் வீட்டுக்குப் போனால் அந்த அடுக்கு இரவில் விரிந்து தளர்ந்துவிடும்; காலையில் அதைக் கிளறி மறுபடி முதலிலிருந்து. முடித்த அடுக்கையும் மூடித்தான் போக வேண்டும்.

கரையான் மருந்து கடைசி அடுக்கு இறுகிய பிறகு, தரை உறையாமல் இருக்கும் மதியத்தில். உடனே 250 மைக்ரான் ஈரத்தடை விரிப்பு.

11. தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்க அவசரம் வேண்டாம்

செப்டம்பர் 1 இங்கே வசந்தத்தின் முதல் நாள். அன்றோடு குளிர் போயிற்று என்று போர்வைச் சாமானையெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். 2024 செப்டம்பர் பிற்பகுதியில் பெய்த கடும் பனி, வான் ரீனன்ஸ் பக்கம் என்3 நெடுஞ்சாலையையே மூடிவிட்டது; வண்டிகள் சாலையில் சிக்கி நின்றன. நாட்காட்டியை விட்டுவிட்டு, மனையில் வைத்த தெர்மாமீட்டரைப் பாருங்கள். தரைமட்டத்தில் இரவுக் குறைந்தபட்சம் ஒரு வாரம் தொடர்ந்து 5 டிகிரிக்கு மேலே நின்றால் புல்லைப் பண்ணைக்காரருக்கே கொடுத்துவிடலாம். தார்ப்பாயில் இரண்டை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபரில் மாலை இடிமழை தொடங்கும். திறந்த வாணம் ஏதாவது மிச்சமிருந்தால் அதற்கு வேண்டியிருக்கும்.